கடிகாரம் எங்கே என்ற கட்டம்

அன்று மாடசாமியின் போர்க் கிணற்றருகில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாடசாமி, தோட்டத்துக்காரர். அவர் சம்சாரம் செல்லத்தாய். எங்கள் சின்ன சார். ஜீப் ஓட்டிய இப்ராகிம் பாய். தண்ணீர்க் கம்பெனியிலிருந்து வந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. நான். மொத்தம் ஆறு பேர்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த மேடம் இல்லை. இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

நீங்கள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மாதிரி எடுக்கப் போகும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். இடம், தேதி, நேரம், ஆழம், கையெழுத்து. கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: கடிகாரம் எங்கே? அதைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். 'மாமனார் இன்னும் வாங்கித் தரல' என்று ஒருவர் அதில் எழுதியே வைத்தாராம். அந்தக் கட்டம் என்னால் வந்தது. அது வந்த கதையை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

என் வேலை தண்ணீர் எடுப்பது. சொந்த ஊர் ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஆபீஸுக்காக ஒரு வீடு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அதன் மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் பிடிப்பேன். அய்யனார் கோயில் ஆற்றிலும் பிளவக்கல் அணைக்குக் கீழேயும் ஆற்றுத் தண்ணீர் பிடிப்பேன். கிணறு, போர் எல்லாவற்றிலும் பிடிப்பேன். பாட்டிலில் அடைத்துப் பட்டணத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். ஊரில் என்னைப் பாட்டில்காரர் என்பார்கள். சாராயம் விற்கிறவன் என்று நினைத்து எனக்குப் பெண் கொடுக்க யோசித்த வீடும் உண்டு.

பாட்டிலில் என்ன தேடுகிறார்கள் என்பதை மேடம்தான் எனக்குப் புரியும்படி சொன்னார். மேலே வானத்தில் தானாகவே உண்டாகிற கதிர்ச் சத்து ஒன்று மழையோடு மழையாக இறங்குகிறது. ட்ரிடியம் என்று பெயர். மனிதன் போட்டதில்லை, கெடுதலும் இல்லை, அம்புட்டுக் கொஞ்சம். மழை மண்ணுக்குள் போன பிறகு அது வருடத்துக்கு வருடம் குறையும். பன்னிரண்டு வருடத்தில் பாதியாகும். ஆகவே போர்த் தண்ணீரில் அது இருந்தால் அந்தத் தண்ணீர் புதுசு. மழை பெய்யப் பெய்ய உள்ளே போய்ச் சேருகிறது. இல்லாவிட்டால் பழசு. நம் பாட்டன் பூட்டன் காலத்துக்கு முன்னால் இறங்கின தண்ணீர். எடுத்தால் போச்சு, திரும்ப வராது.

பாறையிலிருந்து வருகிற ரேடான் என்பது வேறு. அது வாயு. நாலு நாளில் பாதி போய்விடும். ஆற்றில் எந்த இடத்தில் அது கூடுதலாக இருக்கிறதோ, அந்த இடத்தில் அடியிலிருந்து ஊற்று கலக்கிறது என்று கணக்கு. அதற்குப் பாட்டிலில் குமிழி இருக்கக் கூடாது, எடுத்த நேரம் நிமிடச் சுத்தமாக வேண்டும்.

மேடத்துக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. பேரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அய்யனார் கோயில் ஆற்றில் ஒன்பது இடத்தில் ரேடான் பாட்டில் பிடித்தேன். ஏழாவது இடத்தில் வழுக்கி விழுந்ததில் நேரம் குறிக்கவில்லை. கரைக்கு வந்து, ஆறாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ஒரு நேரத்தைப் போட்டேன். மேடம் தாளை வாங்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஏழாவது நேரம் பாத்து எழுதினீங்களா, நெனச்சு எழுதினீங்களா?"

நான் ஈரச் சட்டையைப் பிழிந்தேன்.

"நெனச்சு எழுதினது எனக்கு வேண்டாம்."

பாட்டிலைத் திறந்து மண்ணில் கவிழ்த்தார். மறுபடி ஆற்றுக்குள் மூன்று கிலோமீட்டர் ஏறி நடந்தேன். அவரும் கூடவே வந்தார். வழியில் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வாட்ச் விஷயமும் அப்போதே நடந்தது. என் மச்சினன் பட்டாளத்தில் இருந்தான். பனிமலையில் டூட்டி பார்த்தபோது வாங்கிய வாட்ச் ஒன்றை எனக்குக் கொடுத்தான். முள்ளும் எண்ணும் இருட்டில் பச்சையாக எரியும். பைக்கில் ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கர் வெளிச்சம் பட்டால்தான் எரியும். இது அப்படி இல்லை. வெயிலே காட்ட வேண்டாம், தானாக எரியும். அதைக் கட்டிக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் போனேன். பெருமையாகக் கையைக் குவித்து மேடத்திடம் காட்டினேன்.

அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

"கழட்டுங்க. வீட்ல வச்சிட்டு வாங்க. தானா எரியுதுன்னா சும்மா எரியாது அண்ணாச்சி. நாம மழையில துளித் துளியாத் தேடுற அதே சரக்குத்தான் அந்த முள்ளுல தடவியிருக்கு. லட்சம் மடங்கு. அது கசிஞ்சுக்கிட்டே இருக்கும். உங்களை ஒண்ணும் செய்யாது. என் பாட்டிலைக் கெடுத்துரும்."

அன்றிலிருந்து சாதா வாட்ச்தான். எரிகிற வாட்ச்சை வீட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

பத்து வருடம் கழித்து மேடம் வேறு வேலை கிடைத்துப் போனார். அவர் இடத்துக்குச் சின்ன சார் வந்தார். கெட்டவர் இல்லை. அவசரக்காரர். அவரும் காண்ட்ராக்ட், நானும் காண்ட்ராக்ட்.

அந்த வருடம்தான் மம்சாபுரத்துக்கு மேற்கே தண்ணீர்க் கம்பெனி இடம் வாங்கியது. பூமியிலிருந்து எடுத்துக் கேனில் அடைத்து விற்கிற கம்பெனி. பக்கத்துத் தோட்டக்காரர்கள் மறித்தார்கள். அந்தத் தண்ணீர் புதுசா பழசா என்று சோதித்துச் சொல்ல எங்கள் ஆபீஸைக் கேட்டார்கள். புதுசு என்றால் அனுமதி, பழசு என்றால் இல்லை. அந்தச் சரகத்திலேயே ஆழமான போர் மாடசாமியுடையது. அதில் ஒரு பாட்டில் போதும் என்றார் சின்ன சார். ஒரே ஒரு பாட்டில்.

ஆடி மாதம். மேற்கே மலையிலிருந்து காற்றும் சாரலும். முந்தின நாள் என் சாதா வாட்ச்சில் செல் தீர்ந்துபோனது. ரேடான் பாட்டிலும் எடுக்க வேண்டும், நேரம் வேண்டும். அப்போது செல்போன் சாரிடம் மட்டும்தான் இருந்தது. கடை திறக்கிற வரைக்கும் நிற்க நேரமில்லை. ஜீப் வாசலில் ஹாரன் அடித்தது. பீரோவைத் திறந்து எரிகிற வாட்ச்சை எடுத்து, சாவி கொடுத்து, மணி திருத்திக் கட்டிக்கொண்டேன். அங்கே போய்க் கழற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதில் தப்பு இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

போரை முதலில் செத்த நேரம் ஓடவிட வேண்டும். குழாயில் நின்ற தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வரவேண்டும். அது ஓடும்போது தாளை நிரப்பினேன்.

"போர நம்பி எம்புட்டுத் தென்னமரம் நிக்கி?" என்று கேட்டேன். அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

மாடசாமி சொல்வதற்குள் செல்லத்தாய் சொன்னார். "முந்நூத்திப் பன்னெண்டு. எல்லாம் நான் தோண்டுன குழி. அவிய சும்மா கன்னு தூக்கிக் குடுத்தாவ."

"ஆமா, குழிக்குள்ள எறங்கி உக்காந்துக்கிட்டா. கன்னுக்குப் பதிலா இவளையே நட்டுருக்கணும். நல்லா வளந்திருப்பா" என்றார் மாடசாமி.

இப்ராகிம் பாய் சத்தமாகச் சிரித்தார். வெள்ளைச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை. "சீக்கிரம் சார், சீக்கிரம்" என்று சின்ன சாரை நெருக்கினார்.

ரேடான் பாட்டிலை முதலில் பிடித்தேன். நேரம் பார்த்து எழுதினேன். பிறகு வாட்ச்சைக் கழற்றித் தொட்டியின் விளிம்பில் வைத்தேன். பக்கத்தில் மாடசாமி உட்கார்ந்திருந்தார். ட்ரிடியம் பாட்டிலைப் பிடிக்கப் போகும்போது கரண்ட் போய் மோட்டார் நின்றது. மாடசாமி ஸ்டார்ட்டரைப் பார்க்க ஓடினார். சாரல் வலுத்தது. சார் கத்தினார். வெள்ளைச் சட்டைக்காரர் குடை தேடினார். கரண்ட் வந்தது. மறுபடி ஓடவிட்டுப் பாட்டிலைப் பிடித்து, மூடி, டேப் சுற்றி, பெட்டியில் வைத்தேன். அந்தப் பெட்டியில் முன்பே மழைப் பாட்டிலும் ஆற்றுப் பாட்டிலும் பதினான்கு இருந்தன.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வாட்ச் இல்லை.

என் சம்சாரம் அன்று சோறு போடும்போதே ஆரம்பித்தாள். "என் தம்பி பனியில நின்னு சம்பாரிச்சது. நீங்க சாரல்ல நின்னு தொலைச்சுட்டு வந்திருக்கீக."

தொட்டி விளிம்பில் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் நினைவிருந்தது. மூன்றாம் நாள் மம்சாபுரம் போனேன். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் மாடசாமி நின்றார்.

"வாங்க பாட்டில்காரரே, டீ சாப்பிடுங்க."

"டீ இருக்கட்டும். அன்னைக்குத் தொட்டி மேல ஒரு வாட்ச் வச்சேன்."

"சரி."

"பொறவு அது இல்ல."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அதுக்கு?"

"நீரு பக்கத்துல இருந்தீரு."

கடையில் ஏழெட்டுப் பேர். எல்லோரும் கேட்டார்கள். மாடசாமி வேட்டி மடியை அவிழ்த்து உதறினார். ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் விழுந்தன. "மோட்டார் ரூமையும் பாத்துட்டுப் போரும். வீட்டையும் பாரும்" என்றார். பிறகு கடையில் சூடம் வாங்கினார். எதிரே வேப்பமரத்தடியில் இருக்கும் காளி பீடத்தில் ஏற்றினார். "ஒம்ம வாட்ச்ச நான் தொட்டிருந்தா என் தோட்டம் வௌங்காமப் போகட்டும்" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

சத்தியம் செய்தவனை நம்ப வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். நான் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன். நம்பவில்லை. கடையில் இருந்தவர்களும் பாதி நம்பவில்லை என்று பிறகு தெரிந்தது.

இதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் வந்தது. ரத வீதிகளை அடைத்துவிட்டார்கள். பார்சல் ஆபீஸுக்கு வண்டி போக வழியில்லை. சின்ன சார் லீவில் ஊருக்குப் போனார். பெட்டி மடவார் வளாகத்து வீட்டு ஸ்டோர் ரூமில் மூடி போட்டபடி பதினோரு நாள் கிடந்தது. பிறகு லாரியில் போனது.

இரண்டு மாதம் கழித்துக் காலிப் பெட்டி திரும்பி வந்தது. காலிப் பெட்டியைக் கழுவி வைப்பது என் வேலை. அடியில் போட்டிருந்த தெர்மாகோல் தண்ணீரில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் நெம்பினேன். பகல் பதினொரு மணி, கரண்ட் இல்லை. அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது. தெர்மாகோலுக்குக் கீழே துண்டுத் துணிக்குள் பச்சையாக எரிந்தது.

நான்தான் வைத்திருக்கிறேன். சாரல் வலுத்தபோது தொட்டியிலிருந்து எடுத்து, நனையக் கூடாது என்று துணியில் சுற்றி, பெட்டியின் அடியில் செருகியிருக்கிறேன். தொட்டியில் வைத்தது நினைவில் நின்றது. மாற்றி வைத்தது நிற்கவில்லை. கையில்தானே கட்டக் கூடாது என்ற எண்ணத்தில் கை வேலை பார்த்துவிட்டது.

வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மேடம் சொன்னது முழுதும் ஞாபகம் வந்தது. பதினோரு நாள் மூடின பெட்டி. அடியில் வாட்ச், மேலே பதினைந்து பாட்டில். பதினான்கு பாட்டிலில் மழையும் ஆறும். அவற்றில் ஏற்கெனவே அந்தச் சத்து இருக்கும், கொஞ்சம் கூடினால் லேபில் சந்தேகப்பட மாட்டார்கள். மாடசாமி பாட்டில் ஒன்றில்தான் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி.

மறுநாள் காலை சின்ன சாரிடம் மேஜை மேல் வாட்ச்சை வைத்தேன். எங்கே இருந்தது என்று சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. அவருக்கும் தெரியும்.

"லேப் முடிவு வந்தாச்சு. புதுத் தண்ணின்னு வந்திருக்கு. ரிப்போர்ட் டைப் ஆகி மேல போயிருச்சு" என்றார்.

"அந்த ஒரு பாட்டில மட்டும் திரும்ப எடுத்துருவோம் சார்."

"எடுத்தா எதுக்குன்னு கேப்பாங்க. லேப்ல வரிசை நிக்குது, ஆறு மாசம் ஆகும். மார்ச்சோட நம்ம புராஜெக்டே முடியுது. வாட்ச்சால கெட்டுச்சுன்னு நிச்சயமாச் சொல்ல முடியுமா? உண்மையிலயே புதுத் தண்ணியாவும் இருக்கலாமில்ல?"

"இருக்கலாம் சார்."

"பெறகென்ன?" கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அண்ணாச்சி, உங்க பைல் மேல கையெழுத்துக்குப் போயிருக்கு. பதினோரு வருசக் காண்ட்ராக்ட். இந்த மாசம் நிரந்தரம் ஆகப் போறீங்க. இந்த நேரத்துல நீங்களே போயித் தலையக் குடுக்கணுமா?"

நான் வாட்ச்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் என்னை மிரட்டவில்லை. யோசிக்க இடம் கொடுத்தார். யோசித்தவன் நான்தான்.

மேடத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பார்சல் ஆபீஸுக்கு எதிரே போன் பூத் இருந்தது. நம்பரும் டைரியில் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன்.

எட்டாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம். மேடையில் அதிகாரிகள். எங்கள் சார் ஓர் ஓரத்தில். நான் சுவரோரம், பாட்டில் எப்படி இருக்கும் என்று காட்டக் காலிப் பாட்டில் ஒன்றைப் பிடித்தபடி நின்றேன். ரிப்போர்ட்டைப் படித்தார்கள். இது புதுத் தண்ணீர், மழை பெய்தால் நிரம்பும், பயப்பட வேண்டாம் என்று படித்தார்கள். மம்சாபுரத்து ஆட்கள் முணுமுணுத்தார்கள். யாருக்கும் மறுத்துப் பேச வழியில்லை. விஞ்ஞானம் சொல்கிறதே.

செல்லத்தாய் எழுந்தார். மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பாட்டில்காரரே. அவுக படிக்கது எனக்கு வெளங்கல. நீங்கதான எங்க தோட்டத்துல தண்ணி எடுத்தீக?"

"ஆமாம்மா."

"என் புருசன நீங்க களவாணின்னு சொன்னீக. அது கெடக்கட்டும். தண்ணி விசயத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீகன்னு நெனைக்கேன். அந்தப் பாட்டில் சரியான பாட்டில்தானா? நீங்க சொல்லுங்க, நாங்க போயிட்டே இருக்கோம்."

சின்ன சார் தரையைப் பார்த்தார். செல்லத்தாய் பக்கத்தில் மாடசாமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாட்ச் என் சட்டைப் பைக்குள் கைக்குட்டையில் சுற்றி இருந்தது. ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று போயிருப்பேன் போல.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. 'அந்தப் பாட்டில் கெட்டுப்போச்சு, வாட்ச் இந்தா இருக்கு.' மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கலாம். உங்களிடம் இப்படி ஒருவர் கேட்கிற நாள் வரும். அப்போது படிப்பு உதவாது. அதற்கு முந்தின எட்டு நாள் என்ன செய்தீர்களோ அதுதான் வாயில் வரும். நான் எட்டு நாள் பேசாமல் இருந்து பழகியிருந்தேன்.

"எடுத்தது நான்தாம்மா. முறைப்படி எடுத்தேன்" என்றேன்.

முறைப்படி எடுத்தது நிஜம். குமிழி இல்லை, டேப் சுற்றினேன், நேரம் பார்த்து எழுதினேன். அத்தனையும் நிஜம்.

செல்லத்தாய், "அப்பச் சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. அதே மாதம் எனக்கு நிரந்தர ஆர்டரும் வந்தது. என் சம்சாரம் பால் பாயசம் வைத்தாள். வாட்ச் கிடைத்ததை அவளிடமும் சொல்லவில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்பாள். மாடசாமியிடமும் அதனால்தான் சொல்லவில்லை. திருடவில்லை என்று சொல்லப் போனால் பாட்டில் கெட்டதையும் சொல்ல வேண்டும். ஒரு வாயை மூடி இரண்டையும் மூடினேன்.

அதற்கப்புறம் மம்சாபுரம் பக்கம் போக வேண்டிய வேலையை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டேன். ஆனாலும் காதில் விழும். மூன்றாம் வருடம் மாடசாமி போரில் பைப்பை இன்னும் கீழே இறக்கினாராம். ஐந்தாம் வருடம் காற்றுத்தான் வந்ததாம். இரண்டு புதுப் போர் போட்டுப் புழுதி பறந்ததாம். மழை நன்றாகப் பெய்த வருடத்திலும் ஏறவில்லை.

ஒருநாள் இப்ராகிம் பாய்தான் அதைச் சொன்னார். டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"மாடசாமி மரமெல்லாம் கொண்டை சாஞ்சு போச்சு பாட்டில்காரரே. ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா? அன்னைக்குப் பொய்ச் சத்தியம் பண்ணினான், காளி கேட்டுட்டாங்கிறாங்க."

"யாரு சொல்றா?"

"எல்லாரும்தான். அவன் மகளப் பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்டயே சொல்லியிருக்காங்க. வந்தவங்க அப்படியே திரும்பிட்டாங்க."

நான் டீயைக் குடித்து முடித்தேன். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வு பெற எனக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. அந்த நான்கு வருடமும் ஒழுங்காக வேலை பார்த்தேன். பாராட்டுக் கடிதம் கூட வந்தது.

ஓய்வு பெற்ற மறுமாதம் மேடத்துக்கு எழுதினேன். முழுவதும் எழுதினேன். பத்தாம் நாள் போன் வந்தது. ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.

"அந்தச் சரகத்துல ஆழமான போர் எதாவது இன்னும் ஓடுதா?"

"கோயில் நந்தவனத்துப் போர் ஒண்ணு ஒழுகுது."

"ஒரு பாட்டில் எடுத்து எனக்கு அனுப்புங்க."

கையில் எதுவும் கட்டாமல் போனேன். எடுத்து அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. அந்தத் தண்ணீரில் மழை இல்லை. பழைய தண்ணீர். எப்போதும் பழைய தண்ணீராகத்தான் இருந்திருக்கும்.

ஆபீஸுக்கும் எழுதினேன். மேடம் பதிலையும் இணைத்தேன். இரண்டு வருடம் கழித்து அவர்கள் செய்தது, தாளில் ஒரு கட்டம் சேர்த்தது. கம்பெனி அதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று இடத்தைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தது. சின்ன சார் இப்போது பெரிய சார். எங்கே என்று எழுதவில்லை.

கடைசியாக, இந்த வருடம் மாசி மாதம் மம்சாபுரம் போனேன். மாடசாமி தோட்டத்துக் கொட்டகையில் கட்டிலில் இருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. செல்லத்தாய் விறகுக்கு மட்டை வெட்டிக்கொண்டிருந்தார். வாட்ச்சை எடுத்து மாடசாமி கையில் வைத்தேன். எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை எல்லாம் சொன்னேன். நீளமாக இல்லை. ஒரு பீடி குடிக்கிற நேரம்.

அவர் வாட்ச்சைத் தடவிப் பார்த்தார். கண்ணருகே கொண்டுபோனார். முள் இப்போது அவ்வளவாக எரிவதில்லை. அதற்கும் பன்னிரண்டு வருடக் கணக்குத்தான்.

"கெடச்சிருச்சா. நல்லது" என்று என்னிடமே நீட்டினார். "மணி என்னன்னு பாத்துச் சொல்லும்."

வாட்ச் நின்றுபோய்ப் பல வருடம். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"மகளுக்குக் கல்யாணம் ஆகல பாத்துக்கிடும். திருப்பூர்ல தச்சுக்கிட்டு இருக்கா" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் எழுந்தேன். செல்லத்தாய் அரிவாளைக் கீழே போட்டார்.

"டீக்கடையில சொன்னீகல்ல, களவாணின்னு? அதே கடையில போயி நின்னு, இதையும் சொல்லிட்டுப் போங்க."

"சொல்லுதேன்."

"சொல்லுவீக. அன்னைக்கு இருந்தவுகள்ல பாதிப் பேரு செத்தாச்சு." மட்டையை ஓரமாக இழுத்துப் போட்டார். "வந்த ஆளுக எல்லாம் எழுதிட்டுத்தான் போனீக. அன்னைக்கு மரம் எம்புட்டுன்னு கேட்டு முந்நூத்திப் பன்னெண்டுன்னு எழுதினீகல்ல? இன்னைக்கும் எழுதிக்கிட்டுப் போங்க. என்னக் கேக்காதீக. நீங்களே எண்ணுங்க."

டீக்கடைக்குப் போனேன், சொன்னேன். கடைக்காரர் புதுசு. "யாரு மாடசாமி?" என்று கேட்டார். ஓரத்தில் இருந்த கிழவர் ஒருவர் மட்டும், "அப்பச் சூடம் பொய்யில்லையா?" என்றார். "பொய்யில்ல" என்றேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

எண்ணிவிட்டுத்தான் டீக்கடைக்குப் போனேன். அதை முன்னால் எழுதியிருக்க வேண்டும். எழுத வரவில்லை, கடைசிக்குத் தள்ளினேன். வடக்கு வரப்பிலிருந்து ஆரம்பித்து வரிசை வரிசையாக நடந்தேன். மொட்டையாக நிற்பதை விட்டுவிட்டு, தலையில் பச்சை இருப்பதை மட்டும் எண்ணினேன். நினைத்து எழுதவில்லை. இரண்டு முறை நடந்து பார்த்து எழுதினேன்.

நாற்பத்தொன்று.